எல்லை எலும்பு

மிஸ்ரிக்கு யாரையும் பிடிக்காது. டேரா புக்தி மலைகளில் ஆடு மேய்த்தே ஐம்பதைத் தொட்டவன். அதில் முப்பது வருடம் சித்தப்பா மகன் தோஸ்தேனோடு முறைத்துக்கொண்டே கழிந்தது. இருவர் வயலுக்கும் நடுவே, கல்லாகிப்போன தொடை எலும்பு ஒன்று ஆள் உயரத்துக்குத் துருத்திக்கொண்டு நின்றது. பூதத்தின் கால் என்று சொல்லித் தாத்தாக்கள் அதையே எல்லையாக வைத்தார்கள். இந்தப் பக்கம் மிஸ்ரியின் ஊற்று. எலும்பு போனால் அடுத்த உழவிலேயே தோஸ்தேன் ஊற்றை வளைத்துவிடுவான்.

அந்தப் பாவி ஒருநாள் நகரத்துப் பேராசிரியரையும் நாலு ஆட்களையும் ஜீப்பில் கூட்டி வந்தான். எங்கள் வழக்கப்படி, வெளியிலிருந்து வந்தவன் ஊரார் முன்னால் ஹால், அதாவது வந்த சேதி, சொல்லியாக வேண்டும். அதில் சொன்ன சொல்லை மாற்ற முடியாது. ஊர் கூடி உட்கார்ந்தது.

"என்ன ஹால்?" பல்லைக் கடித்தபடி கேட்டான் மிஸ்ரி.

"நல்ல ஹால்தான். இவங்க என் விருந்தாளிங்க. தோண்டி முடிக்கிற வரைக்கும் என் நிழல்ல இருப்பாங்க. இவங்க கடப்பாரையத் தடுக்கிறவன் என் கழுத்துல கை வைக்கிறவன்."

விருந்தாளி என்றான பின் ஒரு கல்லைக்கூட எறிய முடியாது.

பேராசிரியர் எலும்பைத் தடவிப் பார்த்தார். "அழிஞ்சுபோன பழங்காலக் காண்டாமிருகம். கொம்பே கிடையாது. இதோட வயித்துக்கடியில ஒட்டகம் நிழலுக்கு ஒதுங்கலாம்."

"கொம்பில்லையா? அப்ப தோஸ்தேனுக்குச் சொந்தக்காரனில்ல. அவன் பொறந்ததுலேர்ந்தே முட்டுறவன்," என்றான் மிஸ்ரி.

மூன்றாம் நாள் எலும்பு பெயர்ந்தது. தோஸ்தேன் மீசையை முறுக்கிக்கொண்டான். மிஸ்ரி குழி விளிம்பில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று அழுதான்.

அப்போதுதான் குழிக்குள்ளிருந்து பேராசிரியர் கத்தினார். அங்கே இடுப்பெலும்பு கிடந்தது. அதையொட்டி முதுகெலும்பு, நேராகத் தோஸ்தேனின் சோளத்துக்கு அடியில் போனது. கதிர் முற்ற இன்னும் பத்து நாள் இருந்தது.

"போதும் வாஜா, கிளம்புங்க!" தோஸ்தேன் பேராசிரியரிடம் ஓடி வந்தான்.

"தலை கிடைக்காம எப்படிங்க போறது?" என்றார் பேராசிரியர்.

மிஸ்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "டேய், விருந்தாளியத் துரத்துறியா? கடப்பாரையத் தடுக்கிறவன் உன் கழுத்துல கை வைக்கிறவன்னியே. உன் கழுத்த நீயே பிடிச்சுக்கப் போறியா?"

ஊரே கேட்டிருந்த சொல். தோஸ்தேன் ஒதுங்கி வழிவிட, ஆட்கள் சோளத்தை வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்தார்கள்.

"எலும்ப நகத்திட்ட. இனி இந்தக் குழிதான் எல்லை. இத எங்கடா நகத்துவ?"

சொல்லிவிட்டு மிஸ்ரி மந்தைக்குப் போனான். இருந்ததிலேயே கொழுத்த ஆட்டை அறுத்து, தோண்டுகிறவர்களுக்கு விருந்து வைத்தான். வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்ற கவலை அவனுக்கு.