அப்பா விரதத்தில் இருந்தார்

தைப்பூசத்தில் காவடி எடுக்க அப்பா ஒரு வேளைச் சாப்பாட்டோடு விரதம் இருந்தார். கோல சிலாங்கூர் பக்கம், தோட்டத்துச் சாலையில் செம்பனைப் பழம் ஏற்றிய லோரி அவரை இடித்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் செய்து அதை நிறுத்தினார்கள். பிழைத்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். பிறகு சிறுநீரகம் நின்றது, நுரையீரலும் கெட்டது.

டாக்டர் மலாயில் சொன்னதை அம்மாவிடம் நான் தமிழில் சொன்னேன்.

"ரத்தம் கொறஞ்சதுல கொடலு கெட்டுப்போச்சாம்மா. சோத்தக் கரைக்கிற தண்ணி வெளிய கசிஞ்சு ஒடம்பையே கரைக்குதுன்னு நெனைக்கிறாங்க."

"வயித்துல சோறு இருந்திருந்தா அதத்தானே தின்னிருக்கும்? நாந்தான் ஒரு வேளையோட விட்டேன்."

"விரதத்தால இல்லலா. ரத்தம் போனதாலதாம்மா."

"நீ சும்மா இரு. பசிச்ச வயிறு வேற எதத் தின்னும்?"

அம்மா சொன்னதை மலாயில் கேட்டதும் டாக்டரும் இல்லையென்று தலையாட்டினார். அம்மா நம்பவில்லை.

மறுநாள் அப்பா போய்விட்டார். வாய்க்கரிசி போட வந்தவர்கள் கொஞ்சம் தூவிவிட்டு நகர்ந்தார்கள். அம்மா நகரவில்லை. கை கையாக அள்ளி அவர் வாயில் போட்டுக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா கையைப் பிடித்து, "போதும் அண்ணி," என்றார்.

"இன்னிக்காவது வயிறு நெறையட்டும்," என்றார் அம்மா.

இப்போது தினமும் என் தட்டில் சோற்றைக் குவித்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்க்கிறார். முழுவதும் சாப்பிடாமல் எழுந்தால் அழுகிறார். அதனால் சாப்பிடுகிறேன். பிறகு பின்பக்கம் போய் வாந்தி எடுக்கிறேன்.