சுத்தக்காரர் வாடகைக்கு விட்ட வீடு

குமாரசாமி எனக்குப் பெரியப்பா மகன். அண்ணன் என்று சொல்ல இப்போதும் வாய் கூசுகிறது. ஊரில் அவருக்குச் சுத்தக்காரர் என்று பேர். கை கழுவாமல் தண்ணீர்ச் செம்பைத் தொட மாட்டார்; யார் வீட்டிலும் ஒரு வாய் மோர் குடிக்க மாட்டார். பேச்சு மட்டும் தேனாக ஒழுகும். எனக்குக் குமட்டுவது அதுதான்.

பிளேக் பரவிய காலம். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் அன்றைக்கே கதவைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிபோவது கோயமுத்தூரில் வழக்கம். மாசி மாதம் அண்ணன் வீட்டு அடுப்படியில் ஓர் எலி விழுந்தது. தெருவுக்குத் தெரியாமல் அதை எருக்குழியில் புதைத்துவிட்டு, மனைவி தெய்வாத்தாளுடன், ஊருக்கு வெளியே நாங்கள் இருந்த தோட்டத்துச் சாளைக்கு, அந்த ஓலைக் குடிசைக்கு, வந்து சேர்ந்தார். வீட்டைப் பூட்டிவிட்டதாக எங்களிடம் சொன்னார்.

பூட்டவில்லை. மில் வேலைக்காகச் சிவகங்கைப் பக்கமிருந்து மனைவி, கைக்குழந்தையோடு வந்திருந்த வெள்ளைச்சாமிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வெற்றிலை துப்பக் கூடாது, கால் கழுவாமல் உள்ளே நுழையக் கூடாது என்று நிபந்தனை வேறு. தூ, இதுவும் ஒரு மனிதப் பிறவியா?

வெள்ளைச்சாமி ஒருநாள் தோட்டத்துக்கே வந்து நின்றபோதுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது.

"ஐயா, அடுப்படியில ஒரு எலி செத்துக் கெடந்துச்சு. நீங்க சுத்தம் பாக்குறவுக, தப்பா நினைப்பீகளோன்னு சொல்ல வந்தேன். வாலைப் பிடிச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

"பூனை கடிச்சுப்போட்டிருக்குமுங்க. பயப்படாமப் போய் இருங்க கண்ணு," என்றார் அண்ணன், பின்னால் நகர்ந்துகொண்டே.

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த தெய்வாத்தாள் வெளியே வந்தார். புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"நடங்க தம்பி, நானும் அந்த ஊட்டுக்குத்தான் வாரேன்," என்று வெள்ளைச்சாமியோடு கிளம்பிவிட்டார்.

அண்ணன் பதறிப்போய் வண்டியைப் பூட்டச் சொன்னார். நானும் ஏறிக்கொண்டேன். நாங்கள் போனபோது தெய்வாத்தாள் அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படிக்கு உள்ளே நின்றிருந்தார். அண்ணன் தெருவின் எதிர்ப்பக்கமே நின்று, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அம்மிணி, வெளிய வா. அந்த ஊடு ஆகாது."

"பூனை கடிச்சதுன்னீங்களே. உள்ள வந்து ஒரு வாய்த் தண்ணி குடிங்க. அப்புறம் வாரேன்."

அண்ணன் கால் நகரவில்லை. வெள்ளைச்சாமி அந்தத் துண்டைப் பார்த்தான். திரும்பி வீட்டைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் மனைவியை அழைத்துவந்தான்.

தெய்வாத்தாள் மூவரையும் எங்கள் வண்டியில் ஏற்றினார். "சாளையில இருங்க. நோய் அடங்கற வரைக்கும் அது உங்க ஊடுதான்," என்று சொல்லிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டார். நல்லவேளை, யாருக்கும் காய்ச்சல் காணவில்லை.

நானும் அண்ணனும் பின்னால் நடந்தோம். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் என் காதோரம் குனிந்தார்.

"தம்பி, அவங்க எறங்குனதும் வண்டியக் கழுவிப்போடச் சொல்லோணும்."

அன்றிலிருந்து அவர் கையால் நான் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை.