புல்லுக்கு மூன்று குளிர்காலம்

2000களின் தொடக்கத்தில், ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு தீவனப்புல் பரிசோதனை வயலில் கோடைதோறும் வேலை செய்தேன். வடக்குக் குளிரில் எந்தப் புல்லினம் அதிகம் விளைகிறது என்று ஒப்பிட வேண்டும். கட்டம் கட்டமாக வெட்டி எடை பார்ப்போம். காயவைத்துத் திரும்பவும் எடை பார்ப்போம். தெற்கிலிருந்து கொண்டுவந்த இனங்கள் முதல் வருடம் மளமளவென்று வளரும்.

"அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. எந்தப் புல்லுக்கும் மூன்று குளிர்காலம் கொடுக்க வேண்டும்" என்பார் பொறுப்பாளர்.

எனக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. செப்டம்பரில் கடைசி வெட்டு முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பனிக்காலம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கூட்டித் துடைத்தேன்.

அந்த வயலில் நிரந்தர வேலை ஒன்று வந்தபோது கேட்டுப் பார்த்தேன். எனக்குக் குளிர்கால அனுபவம் போதாது என்று பொறுப்பாளர் சிரித்த முகத்தோடு சொன்னார். அதற்கு முன் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டி விரல் மரத்துப்போன வருடங்களை அவர் எதில் சேர்த்தாரோ!

ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் மனைவி கேட்டுவிட்டுக் கொதித்தாள். "குளிர் துவங்க நிப்பாட்டுறதும் அவையள், குளிர் அனுபவம் இல்லையெண்டு சொல்லுறதும் அவையள். நல்ல கதை!"

பனி கரைந்ததும் பொறுப்பாளரே தொலைபேசி எடுத்தார். தெற்குப் புல் இரண்டாம் குளிரிலேயே பாதி செத்துவிட்டதாம். ஆனாலும் அவசரப்பட்டுக் கழித்துவிடக் கூடாதாம், மூன்றாம் குளிரையும் கொடுத்துப் பார்க்க வேண்டுமாம். அதுவரை அதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் தேவையாம்.

செப்டம்பர் வரைக்கும்.