கண்டலுக்கு ஊற்றிய நல்ல தண்ணீர்

உப்புத் தண்ணீரில் வளர்கிற கண்டல் மரத்துக்குக் குடிதண்ணீர் சுமந்து ஊற்றிய சனம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். அதுவும் பவுசர் லொறியில் வருகிற தண்ணீர். வரிசையில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரில் பாதியைக் கேனோடு இடுப்பில் வைத்துக்கொண்டு பழைய இறால் பண்ணைக்குப் போவோம். இப்போது சொல்லச் சிரிப்பு வருகிறது. அன்றைக்குச் சிரிக்க ஒருவருக்கும் தெம்பு இருக்கவில்லை.

நாங்கள் யுத்த காலத்தில் விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர்கள். கடல்தண்ணீர் புகுந்து ஏரி போலக் கிடக்கிற புத்தளம் களப்புக் கரையில் ஓர் ஓடையோரமாக முகாம் போட்டார்கள். முகாம் அப்படியே ஊராகிப்போனது. யுத்தம் முடிந்தபின் சிலர் மன்னாருக்குத் திரும்பினார்கள். என் கூடப்பிறந்த மூத்த நானா திரும்பவில்லை. அங்கே அவருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. இங்கே ஒரு கட்டுவலையாவது இருந்தது. ஓடை களப்பில் விழுகிற இடத்தில் கம்புகளை ஊன்றி வலையைக் கட்டிவிட்டால், வற்றுகிற தண்ணீரோடு வெளியேறும் இறாலும் மீனும் அதில் மாட்டும். வள்ளம் இல்லாத மனிதருக்கு அந்த ஓடைவாய்தான் வயல்.

நாங்கள் வந்த புதிதில் அந்த ஓடையில் கொடுவா மீன் ஏறும். கடல்பக்கம் பொரித்த குஞ்சுகள் மழைக்காலத்தில் ஓடை வழியாக உள்ளே வந்து, கண்டல் வேர்களுக்குள் ஒளிந்து வளர்ந்து, முட்டையிடுகிற வயதில் திரும்பவும் கடலுக்குப் போகும். பிறகு பண்ணைக்காரர்கள் வந்தார்கள். கண்டலை வெட்டி, ஓடையின் உள்பக்கத்தை மறித்து மண் அணை போட்டு, குளம் குளமாக வெட்டினார்கள். இறாலுக்கு நோய் வந்ததும் போய்விட்டார்கள். அணையும் வெறும் குளங்களும் மிஞ்சின. கொடுவாவை அதற்குப் பிறகு சந்தையில்தான் கண்டோம்.

மீனவர் சங்கத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது நான். ஆட்கள் வாயில் வருவதை வந்தபடியே எழுதிவிடுவேன். ஒன்றையும் விட்டுவிட மனம் வராது. மீன்பிடி அலுவலகத்திலிருந்து வருகிற மிஸ் ஒருமுறை கொப்பியைப் புரட்டிவிட்டு, "தீர்மானம் எங்க? இதுல பகிடிதானே நிறைய இருக்கு" என்று கேட்டா. சிங்களப் பிள்ளை, ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழில் பகிடி விளங்கிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டா.

கொடுவாவைத் திரும்ப வரவைக்கலாம் என்று சொன்னதும் அவதான். குளங்களுக்குள் கண்டல் நட வேண்டும். இரண்டு மழைக்காலம் ஓடைவாயில் வலை நிற்கக் கூடாது. அதைச் சொன்னதும் கூட்டம் முழுவதும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தது.

"என்னத்தப் பாக்குறீங்க எல்லாரும்? நான் என்ன புது மாப்புளயா?" என்றார் நானா. பிறகு, "சரி. கம்பப் புடுங்குறன்."

சங்கத் தலைவர் ஹாஜியார், "ரெண்டு மழ, தம்பி. யோசிச்சுச் சொல்லு" என்றார்.

"யோசிச்சா ஏலாதுண்டு சொல்லிப் போடுவன் ஹாஜியார். அதாலதான் யோசிக்கல்ல. எழுது தங்கச்சி."

எழுதினேன். யார் அந்த வாயில் வலை கட்டினாலும் அவருக்கு அங்கே இனி உரிமை இல்லை என்பதையும் சேர்த்து எழுதினேன். அந்த வரியையும் சொன்னது நானாதான்.

மதினி கேள்விப்பட்டதும் என்னைத்தான் பிடித்தா. "உங்கட நானா மீனுக்கு மாமனாராகிட்டாரு. இனி அதுகளுக்கு விருந்து, எங்களுக்கு வெறுஞ்சோறு." ஆனால் நடுகிற அன்று முதலில் சேற்றில் இறங்கியதும் அவதான். நீளமான கண்டல் காய்களைக் களப்பின் மறுபக்கத்திலிருந்து பொறுக்கி வந்து, வெங்காயப் பாத்தி போல வரிசை பிடித்து நட்டோம். அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டு கிழமையில் நுனி தொங்கியது. விட்ட இலையும் மஞ்சளித்தது. சேற்றின் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

உப்பைக் கண்டதும் எங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. முகாமில் முதலில் வெட்டிய கிணறு உப்பு. தேத்தண்ணீர் உப்பு, தலை முழுகினால் முடி தும்புக் கயிறு, பிள்ளைகள் உடம்பெல்லாம் சொறி. எங்களுக்குத் தெரிந்த வியாதி அது ஒன்றுதான். தெரிந்த மருந்தும் ஒன்றுதான். ஆகவே நல்ல தண்ணீர் சுமந்தோம். கன்றுக்கு ஒரு சிரட்டை. மதினி ஒவ்வொரு கன்றிடமும் சொல்லிச் சொல்லி ஊற்றுவா: "குடிங்க, குடிங்க. எங்கட புள்ளைகள்ட பங்குதான். வெக்கப்படாமக் குடிங்க."

மிஸ் வந்து பார்த்தா. "அய்யோ ராத்தா, என்ன இது ஊத்துறீங்க?" என்று மதினியைக் கேட்டா.

"நல்ல தண்ணி மிஸ். பவுசர் தண்ணி."

அவ சிரிக்கப்போகிறாவென்று நினைத்தேன். அணையில் அப்படியே உட்கார்ந்துவிட்டா. "இதுகளுக்கு நல்ல தண்ணி இல்லாதது குறை இல்ல. தண்ணி வரணும், போகணும். நீங்க மூடின பெட்டிக்குள்ள நட்டு வெச்சிருக்கீங்க."

வரவையும் போக்கையும் மறித்துக்கொண்டு கிடந்த அணையின் மேல்தான் நாங்கள் தினமும் கேனோடு நடந்திருக்கிறோம்.

அணையை வெட்டுவதென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும். பண்ணைக்காரர் எங்கே என்று எவருக்கும் தெரியாது. மிஸ் அலைந்து கடிதம் எடுத்துவர ஒரு மழைக்காலம் வீணாய்ப் போனது. பிறகு ஆண்கள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மண்வெட்டியோடு போய், நாட்கணக்காக வெட்டினார்கள். தண்ணீர் உள்ளே வந்த அன்று நானா உள்ளங்கையில் அள்ளி நக்கிப் பார்த்து, "உப்புத்தான். சரியான உப்பு" என்றார், பாயாசம் குடித்தவர் போல. திரும்பவும் நட்டோம். இந்தமுறை கன்றுகள் நின்றன.

ஆனால் மீன் வரவில்லை.

வெயில் காலத்தில் நானா உப்பளத்தில் உப்புச் சுமந்தார். குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி, செருப்புப் போட முடியாமல் நடப்பார். மழை தொடங்கினால் உப்பளம் மூடிவிடும். முன்பெல்லாம் அந்த மாதங்களில்தான் கட்டுவலை சோறு போட்டது. இரண்டாவது மழைக்கும் கையில் வேலை இல்லை, ஓடையில் வலை இல்லை. காலையில் பிள்ளைகளுக்குப் பாண் வாங்குவது நின்றது. பிறகு மத்தியானமும் கஞ்சி. நானா தினமும் விடியற்கால சுபஹுத் தொழுகை முடிந்ததும் அணை வெட்டிய இடத்தில் போய்க் குந்தியிருப்பார்.

"என்ன நானா, கண்டீங்களா?"

"தண்ணி கண்டன்."

மதினி சண்டை பிடிப்பதை நிறுத்திவிட்டா. அதுதான் எனக்குப் பயம். ஏசுகிற வரைக்கும் ஒரு மனுஷிக்கு ஏதோ நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருநாள் விடிந்து வருகிற நேரம், ஓடைவாயில் கம்புகள் நிற்பதைக் கண்டேன். யாரோ வெளியூர்க்காரன் என்று நினைத்துத்தான் ஓடினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்று வலையைத் தூக்கிக்கொண்டிருந்தது நானா.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வலையின் அடிப்பையை அவிழ்த்துக் கரையில் கொட்டினார். கொஞ்சம் இறால், பாசி, ஒரு நண்டு. அதற்குள்ளே விரல் நீளத்தில் குஞ்சுகள். கறுத்த உடம்பு, நெற்றியிலிருந்து முதுகு வரைக்கும் வெள்ளைக் கோடு, பூனைக்கு மின்னுவது போலக் கண்.

"கொடுவா" என்றேன்.

"தெரியும்."

"நானா, கொடுவாக் குஞ்சு!"

"தெரியும் புள்ள, சத்தம் போடாத!" என்று கத்தியவர், இரண்டு கையாலும் பாசியை விலக்கினார். பெரும்பாலானவை அசையவில்லை. அசைந்தவற்றை வாளியில் போட்டுத் தண்ணீர் மொண்டு, கண்டலுக்குள் விட அணைப்பக்கம் ஓடினார். வெடித்த குதிகாலோடு அந்த மனிதர் ஓடியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. திரும்பி வந்து கம்புகளைப் பிடுங்கினார். செத்த குஞ்சுகளை மண்ணில் கிடங்கு தோண்டிப் புதைத்தார். வீட்டில் அடுப்பில் வைக்க ஒன்றும் இல்லாத நாள் அது. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி எனக்கும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவராகவே எழும்பிச் சொன்னார். ஹாஜியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குச் செஞ்ச வேல. இத எழுத வேணாம் புள்ள" என்றார்.

"எழுது தங்கச்சி" என்றார் நானா. "குஞ்சு வந்திருக்குண்டும் எழுது."

இரண்டையும் ஒரே வரியில் எழுதினேன். பகிடி ஒன்றும் இல்லாத பக்கம் அந்தக் கொப்பியில் அது ஒன்றுதான். தானே சொன்ன வரிப்படி ஓடைவாயில் உரிமை போய்விட, அடுத்த கிழமை அவர் நீர்கொழும்புக்குப் போனார், நாட்கணக்காக ஆழ்கடலில் நிற்கிற போட்டில் வேலைக்கு. கரையில் நின்று இறால் பிடித்த மனிதர். நீந்தத்தான் தெரியும், அந்தக் கடலைத் தெரியாது.

அவர் போய்ப் பத்து நாள் இருக்காது, ஓடைவாயில் புதிய கம்புகள். சங்கத்து ஆட்கள்தான். "சட்டம் போட்டவரே கட்டினாரு, எங்களுக்கு என்ன?" என்றார்கள். ஹாஜியார் அவர்கள் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினார். குஞ்சு வந்திருக்கிறது என்று நான் எழுதிய வரிதான் அவர்களை அங்கே கொண்டுவந்தது என்று எனக்குத் தோன்றியது. அன்றிலிருந்து இரண்டு நாள் நான் கொப்பியைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மதினி என் வாசலில் நின்றா. "கொப்பிய எடுக்காதீங்க. கைய மட்டும் கொண்டு வாங்க."

போனோம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதினி தண்ணீரில் இறங்கினா. "என்ட மனுசன் இந்த ஓடைக்காகத்தான் கடலுக்குப் போயிரிக்காரு" என்று கம்பிடம் சொன்னா. கன்றுகளிடம் பேசியது போலவே. முதலாவது கம்பு வந்தது. இரண்டாவதும் வந்தது. கரையில் ஆட்கள் சேரத் தொடங்கினார்கள். யாரோ ஏசினார், யாரோ அவரை அடக்கினார். மூன்றாவது கம்பை ஆழமாக இறக்கியிருந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் மார்போடு அணைத்து ஆட்டினோம். அது அசைந்தது, வரவில்லை. தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. அது வற்றத் தொடங்குவதற்குள் கம்பு வர வேண்டும். மதினி மூச்சு வாங்கிக்கொண்டு, "இன்னொருக்கா" என்றா. திரும்பவும் பிடித்தோம்.