ஏழு எருக்க இலைகள்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தொம்மலூரில் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் இடையே, இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண் தரை இருந்தது. கல்யாணமாகி வேலூரிலிருந்து வந்த புதிது. கணவர் பீன்யாவில் முதல் ஷிப்டுக்காக விடியுமுன்பே கம்பெனி பஸ் பிடித்து ஓடிவிடுவார். எனக்குப் பொழுதே போகாது. ஒரு நாள் அந்த மண்ணில் ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. அவ்வளவுதான், எனக்கு ஆசை பிடித்துக்கொண்டது.

ஆசை வந்துவிட்டால் எனக்கு நிதானம் கிடையாது. மறுநாளே ஏரிக்கரையில் பூத்துக் கிடந்த உண்ணிச்செடியில் நாலு கிளையை ஒடித்து வந்து நட்டேன். அதைச் சுற்றித்தான் எப்போதும் பூச்சிகள் பறக்கின்றனவே, வேறென்ன வேண்டும்? பூச்சிகள் வந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரே மழைக்காலத்தில் அந்தச் செடி என் மண்ணை முழுங்கிவிட்டு, சுவரேறி, பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த வீட்டுக்கார அம்மாவின் கனகாம்பரப் பாத்திக்குள் குதித்தது. முள்ளில் மாட்டி அவர் புடவையும் கிழிந்தது. கன்னடம் கலந்த தமிழில் கத்தினார்:

“ஏனம்மா இது? என் பாத்தியெல்லாம் ஹாளாயித்து, பாழாப்போச்சு! இன்னொரு செடி என் பக்கம் எட்டிப் பார்த்துச்சு, மேஸ்திரியக் கூப்பிட்டு மொத்தத்துக்கும் சிமென்ட் போட்டுடுவேன், ஆமா.”

சொன்னால் செய்கிறவர். வீட்டின் முன்பக்கத்தை ஏற்கெனவே அப்படித்தான் மூடியிருந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து உண்ணிச்செடியை வேரோடு பிடுங்கினேன். கை முழுக்கக் கீறல். இனி பூச்சியும் வரவேண்டும், செடியும் வைத்த இடத்திலேயே நிற்கவேண்டும். இல்லாவிட்டால் மண்ணே போய்விடும்.

அல்சூருக்கு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பஸ்ஸுக்குப் போகிற வழியில் பூச்சிகளின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தேன். வகுப்புக்குத் தினமும் தாமதம். திட்டு வாங்கினாலும் ஒரு விஷயம் பிடிபட்டது: பூச்சி தேன் குடிப்பது ஒரு செடியில், முட்டை வைப்பது வேறொரு செடியின் இலையில்! இது தெரிந்த அன்று பஸ்ஸுக்குள்ளேயே சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

தேனுக்கு இட்லிப்பூ வைத்தேன். அது வைத்த இடத்தை விட்டு நகராது. முட்டைக்குக் கறிவேப்பிலை. அது பக்கக் கன்று விடும் என்பதால் பழைய எண்ணெய் டின்னுக்குள் அடைத்தேன். கடைசியாக எருக்கு. காய் வெடித்தால் பஞ்சு ஊரெல்லாம் பறக்கும், தெரியும். பச்சைக் காயிலேயே கிள்ளிவிடுவது என்று சத்தியமே செய்துகொண்டேன். அம்மா போனில், “வீட்டுல யாராச்சும் எருக்கு வெப்பாங்களா? புத்தி கெட்டுப்போச்சாடி?” என்று கத்தினார். வீட்டுக்கார அம்மாவோ முகம் மலர்ந்து, “எக்கத கிடவா? எருக்குதானே? வை வை, பூஜைக்கு ஆகும்” என்றார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பூ கேட்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் எருக்கிலையில் புழுக்கள் வந்தன. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என்று பட்டை பட்டையாக, அத்தனை அழகு! தினமும் காலையில் எண்ணுவேன். எட்டு இருந்தவை குருவிக்கும் குளவிக்கும் போக, ஒன்றே ஒன்றுதான் கூடு கட்டும்வரை மிஞ்சியது. இலையின் அடியில் பச்சைக் கூடு, அதில் தங்கப் பொட்டுகள். ஒரு வாரத்துக்கு மேல் தொங்கியது. ஒரு சாயங்காலம் பார்க்கிறேன், கூடு கண்ணாடி மாதிரி ஆகி உள்ளே ஆரஞ்சுச் சிறகு மடிந்திருப்பது தெரிகிறது! நாளைக் காலையில் வெளியே வந்துவிடும் என்று குதித்தேன்.

விடிந்ததும் வாயில் பிரஷ்ஷோடு ஓடினேன். செடியில் கீழிலைகளைக் காணோம். காம்புகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. பிரஷ்ஷை வாயிலிருந்து பிடுங்கிவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.

பக்கத்து வீட்டுச் சமையலறையில் அந்த அம்மா சர்க்கரைப் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, எருக்கிலை?”

“இன்னிக்கு ரத சப்தமி இல்லையா? தலைல, தோள்ல எல்லாம் ஏழு எக்கத எலை வெச்சுத்தானே தண்ணி ஊத்திக்கணும். எங்க யஜமான்ரு இப்பத்தான் குளிக்க உள்ள போனாரு.”

எங்கள் வீட்டில் இந்த வழக்கமே கிடையாது. எனக்கு எப்படித் தெரியும்? குளியலறைக் கதவைப் படபடவென்று தட்டினேன்.

“சார்! தண்ணி ஊத்தாதீங்க! உங்க தலைல பூச்சி இருக்கு!”

உள்ளே சொம்பு தடாலென்று விழுந்தது. “அய்யய்யோ!” என்று ஒரு அலறல். கதவுக்கு மேலிருந்த இடைவெளி வழியாக எருக்கிலைகள் ஒவ்வொன்றாக வெளியே பறந்து வந்தன. ஒவ்வொன்றையும் புரட்டினேன். ஆறாவது இலையில் கூடு முழுசாக இருந்தது.

வீட்டுக்கார அம்மா கரண்டியோடு வந்து நின்றார். “பெரிய மனுஷன் குளிக்கிற நேரத்துல இப்படியா பண்ணுவே? நாளைக்கே மேஸ்திரி வரான். அந்த மண்ணு இனி வேண்டவே வேண்டாம்!”

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் கையிலிருந்த கூடு பிளந்தது. முதலில் கால்கள். பிறகு, நனைந்த துணி போலச் சுருங்கிய சிறகுகள். அது நேராகத் தொங்கும்படி இலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். ஈரத் துண்டோடு அவர் கணவரும் வெளியே வந்துவிட்டார். திட்டவில்லை, குனிந்து பார்த்தார். சிறகு கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. ஆரஞ்சு நிறம், கறுப்பு ஓரம், அதில் வெள்ளைப் பொட்டுகள். பொங்கல் அடிபிடிக்கிற வாசனை வந்தது. யாரும் நகரவில்லை. நெடுநேரம் கழித்து அது எழும்பி, மதிலைத் தாண்டிப் போனது.

“சப்தமிக் குளியல் இன்னும் ஆகலையே” என்று அவர் கணவர்தான் நினைவூட்டினார்.

கீழே விழுந்த இலைகள் பூஜைக்கு ஆகாது. வீட்டுக்கார அம்மா தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்து மண்ணுக்கு வந்தார். நான் பின்னாலேயே போனேன். மேஸ்திரியைப் பற்றிக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் செடியின் முன்னால் குனிந்தார். பறிக்குமுன் ஒவ்வொரு இலையையும் மெல்லத் திருப்பி அடியில் பார்த்தார். ஆறு இலை பறித்தாயிற்று. ஏழாவது இலையைத் திருப்பினார். கடுகை விடச் சின்னதாக ஒரு வெள்ளை முட்டை. அந்த இலையைப் பத்திரமாக விட்டுவிட்டு, அடுத்ததற்குக் கையை நீட்டியபடி என்னைப் பார்த்துச் சொன்னார்:

“இதுல ஆளிருக்கு.”