நின்றபடியே கேட்ட பாட்டு

என் மகனுக்கு ஒன்பது மாதமாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வேல்ஸ் நாட்டிலிருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் தலை நரைத்தவர்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தோட்டத்து பங்களாவில் பிறந்தவராம். அவருடைய அப்பா ஒரு காலத்தில் இங்கே தோட்டத்தை நடத்தும் பெரியதுரையாக இருந்திருக்கிறார். அதனால்தான் கொழும்பில் பாடிவிட்டு, பெல்மதுளை வழியாக மலையேறி எங்களுக்கும் பாட வந்தார்கள்.

நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. அப்போதைய துரை சிங்களவர், தமிழும் பேசுவார். அவரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்.

"மிஸ், நீங்கதான் மைக்ல நிக்கணும். அவங்க இங்கிலீஷ்ல சொல்றத நம்ம ஆளுங்களுக்குத் தமிழ்ல சொல்லிக் குடுங்க."

சரி என்றேன். வேறு என்ன சொல்வது? படித்த இங்கிலீஷ் எல்லாம் பரீட்சைத் தாளில் எழுதியதுதான், ஒரு வெள்ளைக்காரரிடமும் பேசியதில்லை. அந்த வாரம் மகனுக்குப் பல் முளைக்கிற காய்ச்சல் வேறு. இரவெல்லாம் நானும் மாமியாரும் அவனை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் நடந்தோம். விடிந்ததும் நான் பள்ளிக்கூடம் போனால் நாற்காலியாவது உண்டு. மாமியார் கொழுந்து பறிக்க மலைக்குப் போனார்.

கச்சேரியன்று மாலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, எல்லாரும் அப்படியே பள்ளி மண்டபத்துக்கு வந்தார்கள். மாமியார் இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. வழியில், குழந்தைகளைப் பகலில் விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஆயாவிடமிருந்து மகனை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவனை நான் மேடையில் வைத்திருக்கலாமா என்று யோசித்தேன். அழுதால் துரை என்ன நினைப்பார்? மாமியாரிடமே விட்டேன். ஏழெட்டு வரிசை தள்ளி, சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகப் பாடகர்கள் மேடையேறி மூன்று வரிசையாக நின்றார்கள். உடனே மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. மரியாதைக்கு எழுந்திருக்கிறார்கள், உட்கார்ந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். முதல் பாட்டு தொடங்கியது. முடிந்தது. ஒருவரும் உட்காரவில்லை.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. துரை நின்றால் எங்கள் தோட்டத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சரி, ஆபீஸ் வாசலிலும் சரி, அதுதான் வழக்கம். இங்கேயோ மேடை நிறையத் துரைமார் நிற்கிறார்கள். அதில் ஒருவர் நிஜமாகவே பழைய துரையின் மகன். விருந்தாளிகள் நிற்கும்போது தான் மட்டும் எப்படி உட்காருவது என்று எங்கள் துரையும் மேடையோரம் நின்றார். அவரைப் பார்த்துக் கணக்கப்பிள்ளையும் நின்றார்.

"எல்லாரும் உட்கார்ந்து கேளுங்க" என்று மைக்கில் சொன்னேன்.

"அவங்க நிக்கிறாங்களே டீச்சர்!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மொதல்ல தொரைமாருக்கு நாற்காலி போடுங்க!" என்றது இன்னொன்று. என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் உட்கார்ந்தார்கள். அவர்களையும் தாய்மார் காதைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள்.

பாடகர்களின் தலைவர் சிவந்த முகமுள்ள பெரியவர். தங்கள் அப்பாக்கள் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், வேலை முடிந்து வந்து சேர்ந்து பாடுவார்கள் என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். எங்கள் பக்கம் சுரங்கம் என்றால் மாணிக்கக் கல்தான்.

"கல்லு ஏதும் கெடைச்சுதாமா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

"கெடைச்சிருந்தா இங்க வந்து ஏன் பாடுறாங்க? அதான் கரின்னு சொல்றாங்கல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பெரியவர் கேட்டார். நல்லதாகத்தான் சொல்கிறார்கள் என்று சமாளித்தேன்.

மூன்றாவது பாட்டு மெதுவானது. வாத்தியம் இல்லாமல், அடித்தொண்டையில் எல்லாரும் ஒன்றாக இழுத்தார்கள். எனக்கே கண் செருகியது. அப்போதுதான் மாமியாரைப் பார்த்தேன். நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். தலை முன்னால் சாய்ந்தது. தோளில் தூங்கிய மகன் மெல்ல வழுகி இறங்கினான். திடுக்கிட்டு விழித்து அவனை மேலே தூக்கிக்கொண்டார். பிறகு மறுபடியும் தலை சாய்ந்தது. கீழே சிமெண்டுத் தரை.

இறங்கி ஓடலாமா? நடுவில் அத்தனை வரிசை சனம். மாமியார் பக்கத்தில் நின்ற பெண்ணுக்குக் கையால் சைகை காட்டினேன். மேடையிலிருந்து தனக்கு வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்து அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

பாட்டு முடிந்ததும் பெரியவரிடம் போனேன். "சார், ப்ளீஸ் சிட்" என்றேன். எனக்குத்தான் முடியவில்லை என்று நினைத்து, மைக்கின் அருகில் கிடந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் உட்காரும்வரை இவர்கள் உட்கார மாட்டார்கள், காலையிலிருந்து மலையில் நின்றவர்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். அவர் மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் ஆட்களிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார்.

மேடையில் அத்தனை பேருக்கு நாற்காலி இல்லை. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, நல்ல கோட்டோடு பலகையிலேயே உட்கார்ந்தார்கள். பழைய துரையின் மகன் கடைசியாக உட்கார்ந்தார். எங்கள் துரை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். அதன்பின் மண்டபம் முழுக்க நாற்காலிகள் கிறீச்சிட்டு அடங்கின. மாமியாரும் உட்கார்ந்தார். அடுத்த பாட்டு தொடங்கியபோது, அவர் மடியில் மகனும் சுவரில் சாய்ந்து அவரும் தூங்கியிருந்தார்கள். அந்தப் பாட்டைத்தான் நான் ஓரளவு காதில் வாங்கினேன்.

கச்சேரி முடிந்து, நான் மேடை வேலைகளை முடித்து வெளியே வரும்வரை மாமியார் மகனோடு காத்திருந்தார். லயத்துக்குப் போகும் ஏற்றத்தில் முன்னால் நடந்தார். அவனை என்னிடம் கொடுங்கள் என்று கேட்கலாமா, கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரா என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

"வயசான மனுசங்க. அவங்களப் போயி பலகையில ஒக்கார வச்சிட்டியே புள்ள" என்றார்.

"நீங்க தூங்கி விழுந்தீங்க அத்தை."

"யாரு, நானா? கண்ண மூடிக்கிட்டு பாட்டு கேட்டேன்."

துரை நாளைக்கு என்ன கேட்பாரோ என்ற கவலையும் கூடவே ஏறி வந்தது.

கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்: "புள்ளையப் போட்டுருவேன்னு பயந்துட்டியாக்கும்?"

ஆமாம் என்றால் அவருக்கு வலிக்கும். இல்லை என்றால் பொய். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினேன். மேட்டுக்கு வந்ததும் அவர் நின்று திரும்பினார்.

"இந்தா, புடி. கை கடுக்குது."

வாங்கிக்கொண்டேன். தூக்கத்தில் இரண்டு மடங்கு கனத்தான்.