ரிஸ்வானா போட்ட ரிங்டோன்

உத்தமபாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் பழுது பார்க்கும் முஜிபுர் ரஹ்மானுக்கு ஒரு நாளைக்கு முப்பது அழைப்பாவது வரும். ஒன்றுகூட அவருக்காக வருவதில்லை. எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும், வாடிக்கையாளரின் போனிலிருந்து தன் எண்ணுக்கு அடித்துப் பார்ப்பார். மேசையில் தன் போன் மணி அடித்தாலே, பழக்கத்தில் ஏறெடுத்தும் பார்க்காமல் கட்டைவிரலால் கட் செய்துவிடுவார். வேலை முடிந்தது என்று அர்த்தம்.

2003இல் ஒரு சின்னச் சண்டை. மனைவி ரெஹானா எட்டு வயது மகள் ரிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சின்னச் சண்டை என்று சொல்வது அவர்தான். நாலு நாளில் தானே வருவாள் என்று வீம்பு பிடித்து உட்கார்ந்திருந்தார் மனுஷன். அப்புறம் பதறிப்போய் ஓடினால், மச்சான் வாசலோடு திருப்பி அனுப்பினான். நாலு நாள் ஏழு வருஷமானது.

அதற்குள் போன்கள் போட்ட ஆட்டம் கொஞ்சமா! கறுப்பு வெள்ளைத் திரை போய்க் கலர் வந்தது. கேமரா வந்தது, ப்ளூடூத் வந்தது, பாட்டு கேட்க மெமரி கார்டு வந்தது. சிம்பியன் என்ற வகைப் போன்களுக்குச் சாஃப்ட்வேர் ஏற்றப் படித்துக்கொண்டார். அது கைக்குப் பழகுவதற்குள் தடவினால் போதும் என்று ஆண்ட்ராய்டு வந்து நின்றது. ஊர்க்காரர்கள் ஆஃபருக்கு ஆஃபர் சிம்மை மாற்றினார்கள். இவர் மட்டும் அதே எண், அதே கறுப்பு வெள்ளை போன்.

“ஊருக்கெல்லாம் டச் போன் ரிப்பேர் பாக்குறீக, நீங்க ஏண்ணே இந்தச் செங்கல்லக் கட்டி அழுகுறீக?” என்று பக்கத்து டீக்கடை சண்முகராஜ் கேட்பார். முஜிபுர் சிரித்து மழுப்புவார்.

அந்தப் பழைய போனில் பட்டன்களை அமுக்கி நாமே ரிங்டோன் உருவாக்கலாம். ரிஸ்வானா தன் அத்தாவின் மடியில் உட்கார்ந்து, இஷ்டத்துக்கு அமுக்கி ஒன்றைப் போட்டு வைத்திருந்தாள். எந்தப் பாட்டிலும் சேராத மெட்டு. அதை வேறு போனுக்கு மாற்ற வழியில்லை. எத்தனையோ செத்த போன்களை எழுப்பியவர், இதில் தோற்றுப்போனார். சோதித்துப் பார்க்க வேறொரு எண் வைத்துக்கொள்ளத் தெரியாதவரா? அந்த மணி அடிக்காத கடையில் அவரால் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

2010 ஆனி மாதம், திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த தங்கை மெஹராஜ் நேரே கடைக்கு வந்தாள்.

“அண்ணே, கல்யாண மண்டபத்துல ரிஸ்வானாவப் பாத்தேன். போன மாசம் கூடப் படிக்கிற புள்ள போன்ல இருந்து உங்களுக்கு அடிச்சுச்சாம். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்டீகளாம். அத்தாவுக்கு எங்கிட்டப் பேச இஷ்டமில்லன்னு அழுகுது.”

“எந்த நம்பர்லருந்து?”

“கேட்டேன். சொல்ல மாட்டேன்னுருச்சு. இனி அடிக்க மாட்டாளாம்.”

அவர் போனை எடுத்து அழைப்புப் பட்டியலைத் திறந்தார். கடைசி இருபது அழைப்புகளைத்தான் அது வைத்திருக்கும். புதிதாக ஒன்று வந்தால் பழையது ஒன்று போய்விடும். திரையில் இருந்த இருபதும் நேற்றும் இன்றும் அவரே அடித்துப் பார்த்தவை. மகளின் அழைப்பைத் தன் கையாலேயே தள்ளிவிட்டிருந்தார். பாவி, ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா? மெஹராஜ் போன பிறகும் அந்தப் பட்டியலை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் கடமலைக்குண்டிலிருந்து வந்த மொக்கம்மாளின் போனுக்கு ஸ்பீக்கர் மாற்றினார். தன் எண்ணுக்கு அடித்து, “காதுல வைம்மா” என்று அவளிடம் கொடுத்தார். மேசையில் ரிஸ்வானாவின் மெட்டு முழுசாக ஒலித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இந்தத் தடவை அவர் கட் செய்யவில்லை. எடுத்துக் காதில் வைத்தார்.

“அத்தா பேசுறேம்மா” என்றார்.

எதிரே நின்ற மொக்கம்மாள் தலையாட்டினாள்.

“நல்லாக் கேக்குதுய்யா.”